பழைய பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகலையா, ஓட ஓட ஆஃப் ஆகுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

செகண்ட் ஹேண்ட்ல முதல் கார் வாங்கிட்டு, காலைல அவசரமா கிளம்புற நேரத்துல சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தத்தோட வண்டி அமைதியாகிடுதுன்னா இது உங்களுக்காகத்தான். நான் வச்சிருக்கிறது 2008 மாடல் சின்ன பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாம, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் தெளிக்கிற வகை). வெயில் நேரத்துல நடுரோட்ல ஆஃப் ஆக ஆரம்பிச்சுது. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபியூவல் பம்ப் மாத்துனாங்க, இன்னொரு இடத்துல ப்ளக், காயில் மாத்துனாங்க, அப்புறம் ஒருத்தர் ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிடுச்சுன்னு சொல்லி பெரிய தொகை ஒண்ணு கேட்டாரு. கடைசில பாத்தா போயிருந்தது ஒரே ஒரு சென்சார். நடுவுல ஒருத்தர் கூட டெஸ்ட் பண்ணிப் பாக்கலை, எல்லாரும் ஊகத்துலயே மாத்திக்கிட்டு இருந்தாங்க. அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வரக்கூடாது.

கீழ சொல்றது எல்லாம் சுமார் 2000ல இருந்து 2012 வரைக்கும் வந்த சின்ன பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும். டீசல் வேற கதை, கார்புரேட்டர் வண்டியும் வேற. விலை எல்லாம் தோராயமா சொல்றேன், ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

1. முதல்ல என்ன நடக்குதுன்னு பிரிங்க

"வண்டி ஸ்டார்ட் ஆகலை"ன்னு மட்டும் மெக்கானிக் கிட்ட சொன்னா அவர் தனக்குத் தோணுறதுல இருந்து ஆரம்பிப்பார். நீங்க பிரிச்சுச் சொல்லணும். செல்ஃபே (சாவியைத் திருப்பினா இன்ஜினைச் சுத்தி விடுற மோட்டார்) எடுக்கலையா, இல்ல செல்ஃப் நல்லா சுத்துது ஆனா இன்ஜின் எடுக்க மாட்டேங்குதா? இது ரெண்டும் முழுசா வேற வேற பிரச்சினை, முதலாவதுக்கு பேட்டரி, வயரிங், செல்ஃப் மோட்டார் பக்கம் போகணும், ரெண்டாவதுக்கு பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம் போகணும்.

ஓடும்போது நிக்கிறதையும் இதே மாதிரி பிரிங்க. சிக்னல்ல கிளட்ச் மிதிச்சதும் ஆஃப் ஆகுதா, ஓடிட்டு இருக்கும்போதே ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாதிரி டக்குன்னு நிக்குதா, இல்ல தடுமாறி, இழுக்காம, கொஞ்சம் கொஞ்சமா மூச்சு வாங்கி நிக்குதா? டக்குன்னு நின்னா பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. தடுமாறி நின்னா பெரும்பாலும் பெட்ரோல் இல்லன்னா காத்து.

ஒவ்வொரு தடவையும் போன்ல குறிச்சு வைங்க: எத்தனை மணி, இன்ஜின் சூடா குளிரா, ஏசி போட்டிருந்ததா, டேங்க்ல எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு நேரம் கழிச்சு திரும்ப ஸ்டார்ட் ஆச்சு. முடிஞ்சா டேஷ்போர்டை வீடியோ எடுங்க. ஒர்க்‌ஷாப் போனா வண்டி சமத்தா ஓடும், அப்போ இந்த வீடியோ தான் சாட்சி.

2. கைல இருக்க வேண்டிய சாமான்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 300 ரூபாய்ல இருந்து 600 ரூபாய்க்குள்ள கிடைக்கும். நல்ல தடிமனான ஜம்பர் கேபிள், ரொம்ப மலிவா வர்றது வேண்டாம், வெளிய ரப்பர் மொத்தமா இருக்கும், உள்ள செம்பு மெலிசா இருக்கும், இழுக்காது. 10 மி.மீ ஸ்பானர், ஸ்பேர் ஃபியூஸ் கொஞ்சம், டார்ச். இது போதும்.

3. பேட்டரியும் டெர்மினலும்

ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு பேட்டரில பாருங்க. 12.6 பக்கம் காட்டினா ஃபுல் சார்ஜ். 12.4 ஓகே. 12.0க்கு வந்துட்டா கிட்டத்தட்ட காலின்னு வச்சுக்கோங்க. அடுத்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு மீட்டரையே பாருங்க, அப்போ சுமார் 9.6க்குக் கீழ இறங்குச்சுன்னா பேட்டரி வீக். சும்மா நிக்கும்போது 12.6 காட்டிட்டு செல்ஃப் அடிச்சதும் 7, 8க்கு விழுற பேட்டரியும் உண்டு, அதனால லோடு குடுக்காம "பேட்டரி நல்லாத்தான் இருக்கு"ன்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க. இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும். ஓடும்போதும் 12 சொச்சம் தான்னா டைனமோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏத்துற ஆல்டர்னேட்டர்) சார்ஜ் பண்ணலை, புது பேட்டரி போட்டாலும் ரெண்டு நாள்ல இறங்கிடும். 15ஐத் தாண்டினா டைனமோவோட வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, பேட்டரியைக் கொதிக்க வச்சிடும்.

ஆனா மீட்டரை எடுக்குறதுக்கு முன்னாடியே டெர்மினலைப் பாருங்க. வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தாலோ, கையால திருகினா ஆடினாலோ அதுவே போதும் வண்டியை நிறுத்த. முதல்ல நெகட்டிவைக் கழட்டுங்க, அப்புறம் பாசிட்டிவ். சுடுதண்ணில ஆப்ப சோடா கலந்து ஊத்தி பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, காய வச்சு, மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசியா. மேல கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க.

நிறைய பேர் பாக்காம விடுறது எர்த் கேபிள். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போற கேபிள் அது. கியர்பாக்ஸ் பக்கம் போல்ட்டுக்கு அடில துரு பிடிச்சிருக்கும், மேல இருந்து பாத்தா தெரியாது. டெஸ்ட் ரொம்ப சுலபம்: மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனையை இன்ஜின் மேல சுத்தமான இரும்புலயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை. கழட்டி உப்புத்தாள் போட்டு தேய்ச்சு இறுக்குனா செலவே இல்லாம முடிஞ்சுது.

ராத்திரில மட்டும் பேட்டரி இறங்குதுன்னா ஏதோ ஒண்ணு கரண்ட்டைக் குடிக்குது. பழைய ஓனர் போட்ட மியூசிக் சிஸ்டம், அலாரம், ரிவர்ஸ் கேமரா இதுல தான் பாதி கேஸ். எலக்ட்ரீஷியனை வச்சு வண்டி பூட்டின அரை மணி நேரம் கழிச்சு எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க, 50 மில்லி ஆம்பியருக்கு மேல இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா உருவி எந்த லைன்னு கண்டுபிடிக்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. டைனமோ வேலை செய்யுதான்னு பாக்க, வண்டி ஓடும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுற பழக்கம் இன்னும் சில பேர் கிட்ட இருக்கு. அம்பாசடர் காலத்துல பரவாயில்லை. ஈசியூ இருக்கிற வண்டில அப்படி கழட்டினா வோல்டேஜ் எகிறி ஈசியூவையே எரிக்கலாம். உங்க வண்டில யாரையும் அதைச் செய்ய விடாதீங்க, மீட்டர் வச்சுப் பாத்தா அதே விஷயம் பத்து செகண்ட்ல தெரியும்.

சின்ன காருக்கான 35 ஏஎச் பேட்டரி சுமார் 3500ல இருந்து 5000 வரைக்கும், பழைய பேட்டரியைக் குடுத்தா கொஞ்சம் கழிப்பாங்க. வாரண்டி கார்டுல வண்டி நம்பர், தேதி, கடை சீல் மூணும் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

4. செல்ஃப் மோட்டார்

பேட்டரி நல்லா இருந்தும் ஒரே ஒரு "டக்" மட்டும் வந்து ஹெட்லைட் மங்காம அப்படியே எரிஞ்சா செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படுங்க. "டக்டக்டக்டக்"னு வேகமா அடிச்சு லைட்டும் மங்கினா பேட்டரி இல்லன்னா டெர்மினல். சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்), இக்னிஷன் ஸ்விட்ச், சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டார் மேல இருக்கிற காந்த சுவிட்ச்) போற மெல்லிசு வயர், ஆட்டோமேட்டிக்கா இருந்தா கியர் பார்க்லயோ நியூட்ரல்லயோ இருக்கான்னும் பாருங்க.

செல்ஃப் மோட்டாரை உடனே புதுசா மாத்தாதீங்க. கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு இது தான் தேயும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைல அரை நாள்ல பிரிச்சு மாத்திக் குடுப்பாங்க, 1000ல இருந்து 2500க்குள்ள முடியும். கழட்டும்போது பக்கத்துல நில்லுங்க, தேஞ்ச பிரஷ்ஷைக் காட்டச் சொல்லுங்க.

5. செல்ஃப் சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகலை

5 செகண்டுக்கு மேல தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல அரை நிமிஷமாவது விடுங்க, இல்லைன்னா மோட்டார் சூடாகி அது ஒரு தனி செலவாகிடும். இந்த வரிசைல பாருங்க.

முதல்ல டேஷ்போர்டு. சாவி ஆன் பண்ணதும் சாவி படம் போட்ட லைட்டோ இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) லைட்டோ விடாம மின்னுச்சுன்னா ஈசியூ உங்க சாவியை அடையாளம் தெரிஞ்சுக்கலை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்க. ரோட்டோரக் கடைல அடிச்ச டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், உள்ள சிப் இல்லைன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போதே ரெண்டு சாவியையும் கேட்டு வாங்கி, ரெண்டுலயும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

அடுத்து பெட்ரோல் பம்ப். ரேடியோ, ஏசி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடியை ஏத்திட்டு சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க. பின் சீட் பக்கத்துல இருந்து ரெண்டு செகண்ட் "ம்ம்"னு ஒரு முனகல் கேக்கும். கேக்கலைன்னா முதல்ல ஃபியூஸ், அடுத்து பம்ப் ரிலே. பக்கத்துல அதே நம்பர்ல ஹார்ன் ரிலேயோ வேற ரிலேயோ இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க, அப்போ பம்ப் ஓடுச்சுன்னா சில நூறு ரூபாயோட முடிஞ்சுது. பம்ப் டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி இருந்து அதுலயே குளிர்ற சாமான், எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுனா சீக்கிரம் போயிடும்.

காலைல மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சா தான் எடுக்குதா? சாவியை ஆன், ஆஃப்னு மூணு தடவை பண்ணி ஒவ்வொரு தடவையும் பம்ப் முனகி முடியட்டும், அப்புறம் செல்ஃப் அடிங்க. சட்டுன்னு எடுத்துச்சுன்னா லைன்ல பிரஷர் ராத்திரில இறங்கிப் போகுதுன்னு அர்த்தம், பம்புல இருக்கிற வால்வோ ஒழுகுற இன்ஜெக்டரோ காரணம். இதை மெக்கானிக் கிட்ட அப்படியே சொல்லுங்க, அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஸ்பார்க் செக் பண்றதை மெக்கானிக் கிட்ட விடுங்க, ப்ளக்கைக் கையில பிடிச்சுப் பாக்குற வேலை வேண்டவே வேண்டாம், பக்கத்துல பெட்ரோல் வாசனை இருந்தா இன்னும் ஆபத்து. ஆனா கழட்டின ப்ளக்கை நீங்க பாக்கலாம். ஈரமா பெட்ரோல் வாசனை அடிச்சா பெட்ரோல் வருது, ஸ்பார்க் இல்லை. வறண்டு இருந்தா பெட்ரோலே வரலை. பெட்ரோல் அதிகமாகி ஓவர்ஃப்ளோ ஆயிருந்தா ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க, பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டில அப்போ ஈசியூ இன்ஜெக்டரை நிறுத்தி சிலிண்டரைக் காய வைக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான "ர்ர்-ர்ர்-ர்ர்" இல்லாம ஒரே சீரா, லேசா, வேகமா சுத்துச்சுன்னா உடனே நிறுத்துங்க. டைமிங் பெல்ட் (இன்ஜின் சுத்துறதுக்கு ஏத்த மாதிரி வால்வைத் திறந்து மூட வைக்கிற பெல்ட்) அறுந்திருக்கலாம். திரும்பத் திரும்ப சுத்துனா சில இன்ஜின்ல வால்வு வளைஞ்சிடும். பெல்ட் எப்போ மாத்துனாங்கன்னு பில் இல்லாத வண்டி வாங்கியிருந்தா, இந்தப் பிரச்சினை வர்ற வரைக்கும் காத்திருக்காம மாத்திடுங்க.

எலியையும் மறக்காதீங்க. மரத்தடில, காலி மனை பக்கத்துல நிக்கிற வண்டின்னா பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சு வயரை எல்லாம் ஒரு பார்வை பாருங்க.

6. சூடானா நிக்குது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது

என் வண்டில இருந்தது இது தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். காலைல முதல் செல்ஃப்லயே எடுக்கும். இருபது, முப்பது நிமிஷம் ஓடினதும், முக்கியமா டிராஃபிக்ல, டக்குன்னு ஆஃப். செல்ஃப் நல்லா சுத்தும், எடுக்காது. அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து போட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இந்த அடையாளம் இருந்தா முதல் சந்தேகம் கிராங்க் பொசிஷன் சென்சார் மேல வரணும். இன்ஜின் எந்த நிலைல சுத்துதுன்னு ஈசியூவுக்கு சொல்றது அது தான், அது சொல்லலைன்னா ஈசியூ ஸ்பார்க்கும் குடுக்காது, பெட்ரோலும் விடாது. சூட்டுல உள்ள இருக்கிற காயில் விரிஞ்சு கனெக்‌ஷன் விட்டுப்போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும்.

நீங்களே பாக்கலாம்: நின்ன உடனே, சூடு ஆறுறதுக்குள்ள, செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. நல்ல வண்டில முள் கொஞ்சமாவது எந்திரிக்கும், 200, 300 பக்கம். முள் அசையாம 0லயே கிடந்தா சென்சார் சிக்னல் வரலைன்னு பெரும்பாலும் முடிவு பண்ணலாம். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டின்னா ஸ்கேனர்ல (ஈசியூ குடுக்குற தகவலைப் படிக்கிற கருவி) பாக்கணும். எங்க இருக்குன்னு தெரிஞ்சு கை எட்டுச்சுன்னா, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ஈரத்துணியை அந்த சென்சார் மேல மட்டும் கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க. உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா சந்தேகமே வேண்டாம். ஃபேன் எப்போ வேணா சுத்தும், கையை ஜாக்கிரதை.

என் வண்டில கழட்டிப் பாத்தப்போ சென்சார் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக், முனைல இரும்புத்தூள் மொசமொசன்னு ஒட்டியிருந்துச்சு, கனெக்டருக்குப் பக்கத்துல வயரோட ரப்பர் சூட்டுல காஞ்சு கையில உதிர்ந்துச்சு. அதனால சென்சார் மாத்தும்போது கனெக்டரையும் வயரையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க, இல்லைன்னா புது சென்சார் போட்டும் அதே தொல்லை இருக்கும். கம்பெனி சாமான் தான் வாங்குங்க, 800ல இருந்து 2500 வரைக்கும் மாடலுக்கு ஏத்த மாதிரி வரும். சென்சாரை மட்டும் பழைய பார்ட்ஸ் விக்கிற சென்னை புதுப்பேட்டைலயோ கோவை உக்கடத்துலயோ பழசு வாங்கிப் போடாதீங்க. கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் பழசு பரவாயில்லை. சூட்டுல போற சாமானை, ஏற்கெனவே சூட்டுல பல வருஷம் இருந்த வண்டில இருந்து எடுத்துப் போடுறதுல அர்த்தமே இல்லை.

இதே அடையாளத்தோட வர்ற மத்த ஆளுங்க: சூடானா விட்டுப்போற இக்னிஷன் காயில், மெயின் ரிலே, ஃபியூவல் பம்ப். பம்ப்னா தடுமாறி நிக்கும். நின்ன உடனே பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்க, "உஸ்"ஸுன்னு காத்து உள்ள இழுத்துட்டு அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா டேங்க் வென்ட் (டேங்குக்குள்ள காத்து போற வழி) அடைச்சிருக்கு.

7. சிக்னல்ல, ஐட்லிங்ல (ஆக்சிலரேட்டர் அமுக்காம இன்ஜின் ஓடும்போது) ஆஃப் ஆகுது

ஓடும்போது ஒரு குறையும் இல்லை, கால் எடுத்தா ஆஃப், ஏசி போட்டா ஆஃப். பத்துல பாதிக்கு மேல த்ராட்டில் பாடில (இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) கார்பன், இல்லைன்னா ஐட்லிங் வால்வு (அந்த நேரத்துக்கு வேண்டிய காத்தை விடுறது) ஒட்டிக்கிறது. க்ளீனர் ஸ்ப்ரே போட்டு துணியால தொடைச்சா போதும், உப்புத்தாள் போடக் கூடாது. மொத்தம் 500ல இருந்து 1000 ரூபாய், ஒரு மணி நேர வேலை. பேட்டரி கழட்டி மாட்டின பிறகு சில வண்டில ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், ஈசியூ திரும்பக் கத்துக்கும், அதுக்குப் பயந்து ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருக விடாதீங்க.

க்ளீன் பண்ணியும் ஐட்லிங் சரியாகலைன்னா வேக்கம் லீக், அதாவது இன்ஜினுக்குள்ள வேற வழியா காத்து புகுறது. இன்டேக்ல போற சின்னச் சின்ன ரப்பர் ஹோஸ் எல்லாம் 15 வருஷ சூட்டுல அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், வளைச்சுப் பாத்தா வெடிப்பு தெரியும். "இஸ்"ஸுன்னு சத்தம் வருதான்னு கேளுங்க, ஒவ்வொரு ஹோஸா மூக்கு பிளேயரால மெதுவா அமுக்கினா ஐட்லிங் மாறுதான்னு பாருங்க. பெட்ரோல், கார்ப் க்ளீனர் இதை சூடான இன்ஜின் மேல அடிச்சு லீக் தேடுற முறையைத் தவிர்த்துடுங்க, தீ பிடிக்கும்.

இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியோட ரப்பர், சீல் எல்லாம் அதை மனசுல வச்சு செஞ்சது இல்லை, எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால மாசக்கணக்கா வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, பெட்ரோல் ஹோஸை ஒரு தடவை முழுசா புதுசு போட்டுடுங்க.

8. ஓடும்போது நின்னுட்டா

பதறி சாவியை உருவிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆகிடும். சாவி ஆன்லயே இருக்கட்டும், ஹசார்ட் லைட் போடுங்க, கிளட்ச் மிதிச்சு உருண்டே இடது ஓரம் வாங்க. ஸ்டீயரிங் கனமாகும், பிரேக் ஒண்ணு ரெண்டு தடவைக்கு அப்புறம் கல்லு மாதிரி இறுகும், அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்துங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033 அடிங்க. உங்க இன்சூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இன்னிக்கே பாலிசியை எடுத்துப் பாருங்க, புதுப்பிக்கும்போது சேர்த்தா சில நூறு ரூபாய் தான், டோயிங்குக்கு ஒரு தடவை குடுக்குற காசே அதை விடப் பல மடங்கு.

9. ஸ்கேனர்

வண்டில ஸ்கேனர் மாட்டுற 16 பின் சாக்கெட் இருக்குன்னு ஆன்லைன்ல 500 ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, 2010க்கு முந்தின நிறைய வண்டில அது கனெக்டே ஆகாது, அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வச்சிருக்கிற கடைக்குத் தான் போகணும். கட்டணம் 300ல இருந்து 800. கோடு (கோளாறைக் குறிக்கிற எண்) வந்தா அதை எழுதி வாங்குங்க. பி0335ன்னா கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0505ன்னா ஐட்லிங் கன்ட்ரோல். கோடு வந்துட்டதாலயே அந்த பார்ட் போயிடுச்சுன்னு இல்லை, வயர் கட்டானாலும் அதே கோடு தான் வரும். படிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டினா நிறைய வண்டில கோடு அழிஞ்சிடும்.

10. ஒர்க்‌ஷாப்ல பேச வேண்டியது, பேப்பர்

எந்த பார்ட் மாத்துறதுக்கு முன்னாடியும் கேக்க வேண்டிய கேள்வி: "அண்ணே, இது தான் போச்சுன்னு எப்படிப் பாத்தீங்க?" நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார், மீட்டர்லயோ ஸ்கேனர்லயோ காட்டுவார். மழுப்பினா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. ஈசியூ போச்சுன்னு சொன்னா கண்டிப்பா இன்னொரு இடத்துல கேளுங்க, அது போறது அபூர்வம். ஒரு நேரத்துல ஒரு பார்ட் மட்டும் மாத்தச் சொல்லுங்க, பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க, பார்ட் நம்பரோட பில் வாங்குங்க. சூடானா வர்ற பிரச்சினைக்கு வண்டியை ராத்திரியே விட்டுட்டு வர்றது பிரயோஜனமில்லை, மதியம் ஓட்டிட்டுப் போய், நிக்கிற நேரத்துல காட்டணும்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட் இருக்கிற வண்டின்னா பெட்ரோல்ல மட்டும் ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, அப்போ சரியா இருந்தா கோளாறு கிட்ல தான். அந்தக் கிட் ஆர்சில ஏறியிருக்கான்னும் பாருங்க, ஏறலைன்னா இன்சூரன்ஸ் க்ளெய்ம் சிக்கலாகும்.

15 வருஷம் நெருங்குற வண்டின்னா ஆர்சியைப் புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டணும். ஐட்லிங் நிக்காத வண்டி புகை டெஸ்ட்லயே தடுமாறும், அதனால தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இந்த வேலையை முடிச்சுட்டு, புகை சர்டிஃபிகேட், நடப்பு இன்சூரன்ஸ், ஆர்சி, அடையாளச் சான்று எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. மாத்துன பார்ட்ஸ் பில்லும் அதுலயே இருக்கட்டும், விக்கும்போது வாங்குறவர் முதல்ல கேக்குறது அதைத் தான்.